துளை வழியே நுழையும் வாள்

பெரும்பாலான ரம்பங்கள் பலகையின் ஓரத்திலிருந்துதான் அறுக்கத் தொடங்கும். ஆசாரியின் கைவாளுக்கும் சரி, பட்டறையில் சுழலும் வட்ட ரம்பத்துக்கும் சரி, இதுதான் விதி. பலகையின் நடுவில் ஒரு மாங்காய் வடிவத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், சுற்றியுள்ள மரத்தில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்றால் இவை எதுவும் உதவாது. அந்த வேலைக்கென்றே பிறந்தது ஸ்க்ரோல் சா என்ற சிறு எந்திரம். பலகையில் ஒரு சிறு துளை போடுகிறோம். மெல்லிய பிளேடை அதன் வழியே நுழைத்து மேலும் கீழும் பூட்டுகிறோம். பிறகு உள்ளிருந்தபடியே கோட்டின் மேல் அறுத்துக்கொண்டு போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறோம். வெட்டுப்பட்ட துண்டு கீழே விழுகிறது.

இந்த உள்வெட்டுதான் ஸ்க்ரோல் சா பொழுதுபோக்கின் உயிர். நல்ல பூவேலைப்பாடு உள்ள ஒரு சுவர்க்கடிகாரச் சட்டத்தில் இப்படி நூறு, இருநூறு துளைகள்கூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிளேடின் மேல்முனையைக் கழற்ற வேண்டும், பலகையை நகர்த்த வேண்டும், அடுத்த துளையில் கோக்க வேண்டும், பூட்ட வேண்டும், விறைப்பு ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். இந்த வேலை சுலபமாக நடந்தால் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்தாலும் அலுக்காது. பூட்டு மக்கர் செய்தால் பத்தாவது துளையிலேயே மனம் விட்டுப்போகும். வாங்கிய எந்திரத்தைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டவர்களில் பலர் கைத்திறன் போதாமல் விட்டவர்கள் அல்லர், அந்தப் பூட்டோடு மல்லுக்கட்ட முடியாமல் விட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அரண்மனைப் பட்டறை முதல் அஞ்சல் பெட்டி வரை

பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னருக்கு அறைகலன்கள் செய்தவர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732). ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே வெட்டில் இரண்டையும் சேர்த்து அறுக்கும் வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அவர். பித்தளைப் பூவை ஆமையோட்டுத் தகட்டில் பதித்தால் ஒரு மேசை. மிச்சமிருக்கும் ஆமையோட்டுப் பூவைப் பித்தளைத் தகட்டில் பதித்தால் அதற்கு ஜோடி மேசை. ஒரே வெட்டில் இரண்டு படங்கள். இன்றைக்கு வீட்டுப் பட்டறையில் நாலைந்து பிளைவுட் துண்டுகளை அடுக்கி, டேப் சுற்றி, ஒரே முறையில் நாலைந்து தொங்கட்டான்களை வெட்டி எடுப்பவர்கள் செய்வதும் அந்த அடுக்கு வெட்டுத்தான். பூலின் பெயரைத் தாங்கிய கைவினைக் கல்லூரி ஒன்று 1886 முதல் பாரிஸில் நடந்துவருகிறது.

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், நாடுகளின் படத்தை மஹாகனிப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடுகளின் மேலேயே அறுத்துத் துண்டு துண்டாக்கிப் பிள்ளைகளுக்கு விற்றார். பூகோளப் பாடம் விளையாட்டாகப் படிய வேண்டும் என்பது நோக்கம். உலகமெங்கும் இன்று வீட்டுக்கு வீடு கிடக்கும் ஜிக்சா புதிர்களின் மூதாதை அதுதான்.

பணக்காரர்களுக்கான கைவேலையாக இருந்ததைச் சாதாரணக் குடும்பங்களின் மேசைக்குக் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டின் மிதி எந்திரம். பார்ப்பதற்குத் தையல் மெஷினேதான்: கீழே மிதி, பக்கத்தில் சக்கரம், ஊசி இருக்கவேண்டிய இடத்தில் பிளேடு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்டு நகரில் பார்ன்ஸ் சகோதரர்கள் இரண்டு காலாலும் மாறி மாறி மிதிக்கும் எந்திரங்களைச் செய்து விற்றார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களிலும் அவை ஓடின. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் டியரம் என்ற சிற்றூரில் இருந்து இயங்கிய ஹாபீஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1895இல் அது தொடங்கிய வாரப் பத்திரிகையோடு அறுப்பதற்கான டிசைன் தாள் இலவசமாக வரும். எந்திரமும் பிளேடும் பலகையும் அதே நிறுவனத்திடமே கிடைக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்த குமாஸ்தாவும் பள்ளிக்கூடத்துப் பையனும் அந்தத் தாளைப் பலகையில் ஒட்டிப் புகைப்படச் சட்டங்களும் கடிகாரப் பெட்டிகளும் அறுத்தார்கள். இப்படி அறுத்துச் சுவரில் பொருத்திய சிறு தட்டு அந்தக் காலத்து வீடுகளில் சர்வசாதாரணம்.

இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது 1930களின் அமெரிக்கா. பொருளாதாரப் பெருமந்தத்தில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு லட்சக்கணக்கானோர் வேலையிழந்த நேரம். தச்சு தெரிந்த பலர் வீட்டில் ஸ்க்ரோல் சா ஒன்றை வைத்துக்கொண்டு, பத்திரிகை அட்டையையோ காலண்டர் படத்தையோ பிளைவுட்டில் ஒட்டி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக அறுத்துப் புதிர் செய்து விற்றார்கள். வாங்கக் காசில்லாதவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். மருந்துக்கடைகளும் நூலகங்களும்கூடப் புதிர்களை இரவல் கொடுத்தன. 1932, 1933 ஆண்டுகளில் அந்த மோகம் உச்சத்தில் இருந்தது. சம்பளம் நின்றுபோன ஒரு வீட்டின் அடுப்பு எரிய இந்தச் சிறு எந்திரம் கைகொடுத்திருக்கிறது. மரப்புதிர் கலை அதோடு அழிந்துவிடவும் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தில் 1974இல் தொடங்கிய ஸ்டேவ் நிறுவனத்தில் இன்றும் மனிதக் கைகள்தான் ஒவ்வொரு துண்டையும் அறுக்கின்றன. அங்கே ஒரு புதிரின் விலை ஆயிரக்கணக்கான டாலர்வரை போகும்.

எந்திரத்தில் எதைப் பார்த்து வாங்குவது

பழைய மின் எந்திரங்களில் மேல்கை அசையாது. பிளேடின் கீழ்முனையை மோட்டார் இழுக்கும், மேல்முனையை ஒரு சுருள்வில் திரும்ப இழுத்துக்கொள்ளும். பிளேடு ஏறி இறங்கும் ஒவ்வோர் அடியிலும் விறைப்பு கூடிக் குறையும். பிளேடு படக்கென்று ஒடிவது அன்றாடச் சங்கதி. 1970களில் ஜெர்மனியின் ஹெக்னர் நிறுவனம் பிரபலமாக்கிய அமைப்பு இந்தத் தொல்லையைத் தீர்த்தது. மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகள் ஒன்றுக்கொன்று இணையாக, சேர்ந்தே ஏறி இறங்கும். பிளேடு இரண்டுக்கும் நடுவே எந்நேரமும் ஒரே விறைப்பில் நிற்கும். பிறகு வந்த எந்திரங்களில் நீண்ட கைகள் அசையாமல் இருக்க, முனையில் உள்ள சிறு இணைப்புகள் மட்டும் ஆடுகின்றன. அதிர்வு வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் பலரும் வைத்திருக்கும் டிவால்ட் டிடபிள்யூ 788 இந்த ரகம்: பிளேடுக்குப் பின்னால் 20 அங்குல இடைவெளி, நிமிடத்துக்கு 400 முதல் 1,750 அடிகள்வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

நம்மூரில் ஆன்லைனில் தேடினால் கண்ணில் படுபவை பெரும்பாலும் 16 அங்குல எந்திரங்கள். தொடக்கத்துக்கு அந்த அளவு தாராளம். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மலிவான சில எந்திரங்கள் இரு முனைகளிலும் குறுக்கே குட்டிக் கம்பி வைத்த பிளேடுகளை மட்டுமே ஏற்கும். மாட்டுவது சுலபம்தான். ஆனால் அந்தக் கம்பி நுழைய நாலைந்து மில்லிமீட்டர் துளையாவது வேண்டும். மயில் தோகையின் கண்ணிலும் கோலத்தின் இழையிலும் அவ்வளவு பெரிய துளைக்கு இடம் எங்கே இருக்கிறது? முனையில் கம்பி இல்லாத தட்டைப் பிளேடு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் துளையிலேயே நுழைந்துவிடும். இந்த வகைப் பிளேடை ஏற்காத எந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

கடைக்குப் போக வாய்ப்பிருந்தால் சுவிட்சைப் போடுவதற்கு முன் பிளேடைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்பேனரோ ஆலன் சாவியோ தேடாமல் விரலாலேயே பூட்ட முடிகிறதா? பூட்டிய பிளேடு நழுவாமல் நிற்கிறதா? மேல்கையைத் தூக்கி வைத்தால் தூக்கியபடியே நிற்கிறதா? நின்றால் ஒரு கையால் பலகையைப் பிடித்தபடி மறுகையால் பிளேடைக் கோக்கலாம். பிறகு எந்திரத்தை ஓடவிட்டு மேசைமேல் ஒரு நாணயத்தை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நடுத்தர வேகத்தில் அது விழாமல் நின்றால் அதிர்வு குறைவு என்று தைரியமாக நம்பலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அமெரிக்க எந்திரம் 120 வோல்ட்டுக்கானது, நம் பிளக்கில் நேராகச் செருகக்கூடாது.

எந்திரத்தை விடவும் அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் வேலையின் சுகத்தை முடிவு செய்கின்றன. காலால் அழுத்தும் சுவிட்ச் ஒன்று வைத்துக்கொண்டால் இரண்டு கையும் பலகையை விட்டு அகல வேண்டியதில்லை. காலை எடுத்த கணமே பிளேடு நின்றுவிடும், அதுவே பாதுகாப்பும்கூட. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு வேண்டும், அது ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் தர வேண்டும். நேர் மேலே இருக்கும் டியூப் லைட்டில் கோட்டின் மேலேயே பிளேடின் நிழல் விழும். கோட்டின் மேல் சேரும் தூளை ஊத எந்திரத்தோடு வரும் ஊதுகுழாய் பல நேரம் போதாது. மீன் தொட்டிக்குக் காற்று விடும் பம்பை வாங்கி அந்தக் குழாயில் பொருத்திக்கொள்வது உலகமெங்கும் இந்த வேலைக்காரர்கள் கையாளும் யுக்தி. துளை போட ஒரு சிறு டிரில் போதும், ஆனால் துளை செங்குத்தாக விழ வேண்டும். சாய்ந்த துளை மேலே கோட்டுக்குள் இருந்தாலும் அடியில் கோட்டைத் தாண்டியிருக்கும்.

பிளேடின் குணம்

ஐந்து அங்குல நீளம். 5ஆம் எண் பிளேடு என்றால் அகலம் சுமார் ஒரு மில்லிமீட்டர், கனம் அதில் பாதிக்கும் குறைவு. இந்தத் துணுக்கை விரல்களுக்கிடையே பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனால்தான் பற்கள் தெரியும். சில பிளேடுகளில் ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கும். அந்த இடைவெளி வழியாகத் தூள் வெளியேறுவதால் மரம் கருகாது. நல்ல பிளேடுகள் சிலவற்றில் அடிமுனையில் உள்ள நாலைந்து பற்கள் மட்டும் தலைகீழாக, மேல்நோக்கிப் பார்க்கும். பிளேடு மேலேறும்போது அவை பலகையின் அடிப்பக்கத்தைச் சுத்தமாக வெட்டும், பிளைவுட்டின் அடியில் சிலும்பு எழாது.

புதிதாக உட்காருபவரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. நேர்கோட்டில் தள்ளினால் வெட்டு ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கமாக விலகிப் போகும். எந்திரத்தில் கோளாறு, இல்லை கையில் கோளாறு என்று தோன்றும். இரண்டும் இல்லை. பிளேடு தயாராகும்போது அதன் ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு தங்கிவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டுகிறது. பலகையைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளப் பழகினால் வெட்டு கோட்டிலேயே போகும். கொஞ்ச நாளில் கை தானாகவே அந்தச் சாய்வைப் பிடித்துக்கொள்ளும்.

விறைப்பு சரியா என்று அறியக் காதே போதும். மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால் டங்கென்று மந்தமாக ஒலிக்கக்கூடாது, கீச்சென்று உச்ச சுருதியில் கேட்க வேண்டும். தளர்ந்த பிளேடு பலகைக்குள் வளையும். மேலே வட்டம், கீழே முட்டை வடிவம் என்று ஆகிவிடும்.

இலை நுனி போன்ற கூர்மையான மூலையை அறுப்பதுதான் கை தேறியதற்கான பரீட்சை. நுனிவரை மெதுவாகப் போகிறோம். நுனி வந்ததும் தள்ளுவதை நிறுத்துகிறோம், பிளேடு ஓடிக்கொண்டே இருக்கிறது. பலகையை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்து, பல் இல்லாத முதுகுப் பக்கம் மட்டும் மரத்தில் படும்படி வைத்துக்கொண்டு, பலகையை அந்த இடத்திலேயே சட்டென்று திருப்புகிறோம். இப்போது பற்கள் புதுக் கோட்டைப் பார்த்து நிற்கின்றன. பயந்து பயந்து திருப்பினால் மூலை மழுங்கி வட்டமாகிவிடும். இந்த ஒரு திருப்பத்துக்காக வீணான பலகைத் துண்டில் ஒரு மாலைப்பொழுது செலவழிக்கலாம், தகும்.

பிளேடு சீக்கிரம் தேயும். கடின மரத்தில் அரை மணி நேரம் தாண்டுவதே அரிது. பிளைவுட்டில் உள்ள பசையும் பல்லை மழுக்கும். மழுங்கிய பிளேடை விடாமல் ஓட்டுபவர்கள் தங்களை அறியாமலே பலகையை அழுத்தித் தள்ளுவார்கள். அப்போதுதான் மரம் கருகும், மெல்லிய இழை ஒடியும், விரலும் வழுக்கும். டஜன் கணக்கில் விற்கும் பொருள் இது. எந்திரத்தில் மிச்சம் பிடித்தாலும் பிளேடில் பிடிக்கக்கூடாது.

மரமும் தூளும்

ஸ்க்ரோல் சாவைக் கையாளும் மேலைநாட்டவர்களின் செல்லம் பால்டிக் பர்ச் பிளைவுட். மெல்லிய அடுக்குகள் பலவாக, உள்ளே பொந்து இல்லாமல் இருப்பதால் மிக நுண்ணிய வேலைக்கும் தாங்கும். 2022இல் உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரப்பொருள்களுக்குத் தடை விதித்தபின் அதன் வரத்து சுருங்கியது. நமக்கு அது பெரிய இழப்பல்ல. மரவேலைக் கடைகளில் மீந்துபோகும் தேக்குத் துண்டுகள் இந்த வேலைக்கு அருமையானவை. சாதாரண பிளைவுட்டில் மட்டும் கவனம் தேவை. உள்ளே பொந்து இருந்தால், மூன்று மணி நேர வேலை முடியும் தறுவாயில் ஒரு கொடி நடுவில் பிய்ந்து போகும்.

அறுக்கும் வரிசையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நடுவில் உள்ள சின்னத் துளைகளை முதலில் எடுத்து, ஓரத்தை நோக்கி வர வேண்டும். வெளிவிளிம்பு கடைசி. முன்னதாகவே விளிம்பை அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள மரமே இருக்காது. டிசைன் தாளை ஒட்டியபின் அதன்மேல் பார்சல் டேப் ஒட்டினால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், மரம் கருகுவதும் குறையும். முடிந்த பூவேலைக்கு பிரஷ்ஷால் எண்ணெய் பூச முயல்வது வீண் வேலை; நூறு துளைகளின் உட்சுவருக்கு பிரஷ் எட்டாது. ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றி முழுதாக முக்கி எடுத்து, வடியவிட்டுத் துடைப்பதுதான் வழி.

வண்ணமே தீட்டாமல் மரங்களின் இயல்பான நிறத்தாலேயே படம் செய்வது இன்டார்சியா. அமெரிக்காவில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜூடி கேல் ராபர்ட்ஸ். கரும்பழுப்புக்கு வால்நட், வெளிர் நிறத்துக்கு மேப்பிள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து மேடு பள்ளம் கொடுத்து, பிறகு ஒட்டுகிறார்கள். ரேகை ஓடும் திசையே பறவையின் இறகாகவும் ஆற்று நீராகவும் ஆகிறது. இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ஈட்டிமரப் பதிப்பு வேலை. அங்கே ஈட்டிமரப் பலகையில் பள்ளம் எடுத்து, சின்ன ரம்பத்தால் அறுத்த பல நிற மரத்துண்டுகளைப் பதிக்கிறார்கள். முன்பு யானைத் தந்தம் பதித்த இடங்களில் இப்போது வேறு பொருள்கள் இருக்கின்றன.

தூள் விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாக வேண்டும். இந்த எந்திரம் பெரிய ரம்பங்களைப் போல் விரலைக் காவு கேட்பதில்லை, சத்தமும் கொஞ்சம்தான். அதனால் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே, சில சமயம் படுக்கையறையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது கிளப்பும் தூள் மிக நுண்மையானது, முகத்துக்கு ஓரடி தூரத்தில் கிளம்புவது. மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. என்95 மாஸ்க், பிளேடுக்கு அடியில் வாக்குவம் கிளீனரின் குழாய், திறந்த ஜன்னல் மூன்றும் எந்திரம் வாங்கும் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள அறையில் இந்த எந்திரமே கூடாது.

தமிழ் எழுத்தை அறுக்கும்போது

எந்திரம் வாங்கிய எவரும் சீக்கிரமே செய்ய ஆசைப்படுவது வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை. ஆங்கில எழுத்துகளுக்கு ஆயிரக்கணக்கான டிசைன்கள் தயாராகக் கிடைக்கின்றன. தமிழுக்கு நாமேதான் வரைய வேண்டியிருக்கிறது. கணினியில் உள்ள எழுத்துருவை அப்படியே அச்செடுத்து ஒட்டினால் வேலைக்கு ஆகாது. பூவேலைப்பாட்டில் மிஞ்சி நிற்கும் மரம் முழுக்க ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாதது கீழே விழும். தமிழில் முதலில் விழுவது புள்ளி. ‘கண்ணன்’ என்று எழுத்துகளையே தனியாக அறுத்து எடுத்தால் இரண்டு புள்ளிகள் எங்கும் ஒட்டாமல் போகும். பலகையில் எழுத்தைத் துளையாக எடுத்தால் தலைகீழ்ச் சிக்கல்: புள்ளி சும்மா ஒரு வட்டத் துளை, அது சுலபம், ஆனால் ண, ன எழுத்துகளின் சுழிக்குள் மூடிக்கிடக்கும் மரம் அத்தனையும் உதிர்ந்துவிடும்.

வழி இருக்கிறது. எழுத்துகளைத் தனியாக எடுப்பதானால் புள்ளியை எழுத்தின் தலையோடு மூன்று மில்லிமீட்டர் அகலப் பாலத்தால் இணைக்கலாம். எழுத்துக்கும் பாலத்துக்கும் மர ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ரேகைக்குக் குறுக்கே போகும் பாலம் விரல் பட்டாலே ஒடியும். இல்லையென்றால் சொல்லின் மேலே ஒரு மெல்லிய பட்டையை ஓடவிட்டு, புள்ளிகள் எல்லாவற்றையும் அதிலிருந்து தொங்கவிடலாம். அடியிலும் ஒரு பட்டை இருந்தால் எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ணகரச் சுழியை முழுக்க மூடாமல் கடைசி வளைவை இரண்டு மில்லிமீட்டர் திறந்து விட்டால் உள்மரம் பலகையோடு ஒட்டியே இருக்கும், படிப்பவர் கண்ணுக்கு அந்த இடைவெளி உறுத்தாது. எழுத்துரு வடிவமைப்பாளர் ஒருவரும் ஸ்க்ரோல் சாவில் தேர்ந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து உயிர், மெய், உயிர்மெய் அத்தனைக்கும் இப்படி அறுக்கத்தக்க ஒரு முழுத் தொகுப்பை வரைந்து எல்லோருக்கும் பொதுவில் விட வேண்டும். அதுவரை பென்சிலும் கிராஃப் தாளும் எடுத்து, அவரவர் பெயரை அவரவரே வரைந்து, எந்தத் துண்டு எதைத் தொட்டு நிற்கிறது என்று விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்த பிறகு முதல் துளையைப் போடுங்கள்.